ராம் ராமுக்கும் ஜெய் பீமுக்கும் நடுவில்

மராத்வாடாவுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. "சாப்பாடு ஒத்துக்கொண்டதா, பாஷை வந்துவிட்டதா?" என்று அங்கிருந்து தோழர்கள் போனில் கேட்கிறார்கள். சோள ரொட்டி ஒத்துக்கொண்டது. மராத்தியும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. எங்களைத் திணறடித்தது வணக்கம் சொல்வதுதான்.

இங்கே தெருவில் எதிர்ப்படுகிறவர் சும்மா போகமாட்டார். ஊருக்குள் இருப்பவர்கள் 'ராம் ராம்' என்பார்கள். பௌத்தர்கள் 'ஜெய் பீம்' என்பார்கள். சொல்கிறவர் யார், பதில் சொல்கிறவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால் 'ஆட்நாவ் காய்?' என்ற கேள்வி வரும். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். அந்தக் கடைசிப் பெயரை வைத்துப் பெரும்பாலும் சாதியைப் பிடித்துவிடுவார்கள்.

நமக்கு இருப்பதோ இனிஷியல். வீட்டுக்காரர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த எழுத்து?" "அப்பா பெயர்." "சரி, ஆட்நாவ்?" "எங்கள் பக்கம் கிடையாது." பெயருக்குப் பின்னால் சாதி போடாத மண் என்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பெருமை இங்கே எங்களுக்கு முகமூடியாக உதவியது. (பெயரில் இல்லாததை நம் ஊரில் 'எந்தத் தெரு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.) படித்தவர்கள், மதராசிகள், எனவே ஐயர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே முடிவுசெய்துகொண்டார். மாருதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை கிடைத்தது. நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

மூன்று மாதம் எல்லோருக்கும் 'நமஸ்கார்' சொல்லியே காலம் தள்ளினோம். அது யாருக்கும் பொதுவானது, எதையும் காட்டிக்கொடுக்காது. வேலைக்கு வந்திருக்கிறோம், முதல் நாளே பகை வேண்டாம், கொஞ்சம் காலூன்றிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, யாரும் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்லாத ஒரு தெருவில் குடியிருப்பது எப்படியிருக்கும் என்ற ஆசை. வாழ்நாளில் முதல்முறையாக அது எங்களுக்குக் கிடைத்திருந்தது. இதை எழுத இன்னும் கூசுகிறது.

ஊருக்கு வெளியே இருக்கும் பீம்நகரில்தான் எங்கள் வேலை. ஒரு நாள் மதியம், பிள்ளைகளைத் தேடிப்போன வீட்டில், அந்த ஆஜி (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வாசலில் நின்று தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார்: "எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பீர்களா?"

குடித்தோம். டீயும் குடித்தோம். ஆனால் "ஆஜி, நாங்களும் உங்களைப் போலத்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. தாழ்வாரத்தில் நின்று கையேந்தித் தண்ணீர் வாங்கிக் குடித்த நம் பாட்டிகள் நினைவுக்கு வந்தார்கள். எங்களைப் பார்த்து இன்னொரு பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் போய் நின்றிருந்தோம்.

சில நாள் கழித்து விகாரில் ஒரு பெரியவர் பல்கலைக்கழகப் பெயர்மாற்றப் போராட்டம் பற்றிச் சொன்னார். 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் கிராமம் கிராமமாக தலித் குடியிருப்புகள் எரிந்தன. போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார். பெயர் மாறியது 1994 ஜனவரி 14 அன்றுதான். 1978இல் அவர் சிறுவன். இரவில் சோளக்காட்டுக்குள் ஒளிந்திருந்ததைச் சொல்லிவிட்டு, "உங்கள் பக்கம் பாபாசாகேபைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அயோத்திதாசர் 1898இல் பௌத்தம் ஏற்றதைச் சொன்னோம். லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை 1948இல் பாபாசாகேபே முன்னுரை எழுதி மறுபடியும் பதிப்பித்ததைச் சொன்னோம். அவருக்கு ஒரே ஆச்சரியம். அதோடு, நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அங்கே ஏன் குடியிருக்கிறீர்கள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடை வாசலில் அவர் எதிரே வந்தார். வீட்டுக்காரரும் இருந்தார். "ஜெய் பீம், காகா" என்றோம், எல்லோருக்கும் கேட்கும்படி. அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் குழாய்க்கு மட்டும் மோட்டார் பழுதானது. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வந்தது, அறைகள் வேண்டுமென்றார். அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

புகார் கொடுக்கலாமா என்று யோசித்தோம். மோட்டாரும் கல்யாணமும் சாட்சிக்கு நிற்காது என்று விட்டுவிட்டோம். அப்போது படித்த ஒன்றை, வேறு மாநிலம் போகும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதி என்பது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி மாநிலவாரியானது. பிறந்த மாநிலத்துச் சான்றிதழை வைத்துக் குடிபோன மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னதை 2018இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்படியல்ல. அதன் பாதுகாப்பு நாட்டின் எந்த மூலையிலும் உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் தீர்ப்பளித்தது. இடஒதுக்கீடு எல்லையில் நின்றுவிடும், சாதி நம்மோடு ரயிலேறி வரும் என்பதை நீதிபதிகளாவது புரிந்துகொண்டார்களே.

இப்போது பீம்நகரில் தகரக் கூரை போட்ட இரண்டு அறையில் இருக்கிறோம். சித்திரையில் கொதிக்கும். நாங்கள் தட்டும் ரொட்டியைப் பார்த்து ஆஜி தினமும் தலையிலடித்துக்கொள்கிறார். அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை. முன்பு 'ராம் ராம்' சொல்லிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் இப்போது எங்களைக் கண்டால் 'நமஸ்கார்' என்கிறார்.

தீபாவளி நெருங்குகிறது. முகாதம் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இங்கே கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள். கணக்கில் இருவரும் ஓர் ஆள். பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், ஆனால் லாரியில் ஏறிவிடுவார்கள். இந்த வருடம் ஒன்பது பிள்ளைகளைப் பாட்டிகளோடு இங்கேயே நிறுத்திவைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆறு வீட்டில் சம்மதம். மற்ற மூன்று வீட்டுக்கு இன்று சாயங்காலம் போக வேண்டும்.