இல்லை என்று அவர்களே சொல்லட்டும்

2019 மார்ச்சில் நாங்கள் தெருவில் நின்றோம். பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களில் இட ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அதையே ஆணையாக அனுப்பியது. கேட்பதற்கு ஏதோ கணக்கு வழக்கு விஷயம் போல இருக்கும். ஆனால் அந்த 13 புள்ளி ரோஸ்டரில் ஏழாவது இடம்தான் பட்டியல் சாதிக்கு, பதினான்காவது இடம்தான் பழங்குடிக்கு. ஆறு ஆசிரியர்களே உள்ள துறையில் நமக்கான இடம் எளிதில் வராது. அதனால்தான் நாடு முழுக்க மாணவர்களும் ஆசிரியர்களும் வீதிக்கு வந்தார்கள். அந்த மார்ச் மாதமே அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. துறை போய், முழு நிறுவனமும் ஓர் அலகு என்றானது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், அப்படி மீட்ட இடங்களில் ஒன்று விளம்பரமாக எங்கள் கைபேசிக்கே வந்தது. மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர் பணி. எங்கள் பாடம். பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஒரே ஓர் இடம்.

நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.

நாங்கள் என்றால் மூன்று பெண்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் படித்து வளர்ந்து, ஆய்வுக்காக நகரத்துக்கு வந்து, ஒரே அறையில் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். மூவரும் நெட் தேர்வில் தேறியவர்கள். மூவர் வீட்டிலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது நாங்கள்தான். கூட்டங்களில் பேசுவோம், துண்டறிக்கை எழுதுவோம், தம்பி தங்கைகளுக்குச் சமூக நீதி வகுப்பு எடுப்போம்.

அந்த இரவு விளம்பரத்தைப் படித்தோம். கட்டாயத் தகுதி என்று இரண்டே வரி இருந்தன: முதுகலையில் 55 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 50, கூடவே நெட் தேர்ச்சி. இரண்டும் எங்களிடம் இருந்தன. அதற்குக் கீழே ‘விரும்பத்தக்கவை’ என்று ஒரு நீளமான பட்டியல்: முனைவர் பட்டம், ஆய்விதழ்க் கட்டுரைகள், கற்பித்தல் அனுபவம். எங்கள் கண் அந்த இரண்டு வரியில் நிற்கவில்லை. நேரே கீழே இறங்கிப் பட்டியலில் மாட்டிக்கொண்டது.

ஒருவருக்கு, தன் கட்டுரைகள் தமிழில்தான் இருக்கின்றன என்ற குறை. இன்னொருவருக்கு, நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம். மூன்றாமவர்தான் அந்த இடத்துக்கு மிகப் பொருத்தமானவர். ஆனால் அவருடைய ஆய்வேடு முடியவில்லை. அவரிடம் நாங்கள் சொன்னோம்: “முதல்ல முடிச்சுடு. அடுத்த தடவை தைரியமா போடலாம்.” அதை அன்பு என்றுதான் நினைத்துச் சொன்னோம்.

படிவத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேராசிரியர்களின் பெயர், முகவரி. எட்டு மாதமாக ஓர் இயலைத் திருத்தித் தராத நெறியாளரின் பெயரை எழுதுவதா? வேறு யாரைக் கேட்பது? பேராசிரியர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பழகிய குடும்பங்கள் இல்லை நம்முடையவை. அந்தப் பக்கத்தோடு கைபேசியை மூடி வைத்தோம்.

மறுநாள் மூன்றாமவரின் அம்மா ஊரிலிருந்து பேசினார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் விஷயத்தைச் சொல்லி, “அதுக்கெல்லாம் இன்னும் நெறய படிக்கணும்மா” என்றார். அந்தம்மா சொன்னது ஒலிபெருக்கியில் எங்கள் மூவருக்கும் கேட்டது:

“நூறு நாள் வேலைக்கே மனு எழுதிக் குடுத்தாதான் கணக்கு. கேக்காம விட்டா, யாரும் கேக்கலன்னு எழுதிக்குவான். இல்லன்னு சொல்றதா இருந்தா அவன் சொல்லட்டும். அவன் சொல்றதுக்கு முந்தி நீங்க ஏண்டி சொல்லிக்கிறீங்க?”

சிரித்தோம். அம்மாவுக்குப் பல்கலைக்கழகம் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது சட்டம். வேலை கேட்டு விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றுதான் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சொன்னது. கேட்டதற்குத் தேதி போட்ட சீட்டு இருந்தால்தான் உரிமையே தொடங்கியது. ஊராட்சி அலுவலக வாசலில் நின்று நின்று அவர் கற்ற பாடம் அது. முதுகலை படித்த எங்களுக்கு அது எட்டவில்லை.

அந்தப் பணியிடம் நிரம்பவில்லை. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அந்த ஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதியான விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பொய் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்கள் மூன்று விண்ணப்பங்களும் அங்கே இல்லை என்பது எங்களுக்கே தெரியும்.

2024 ஜனவரி நினைவிருக்கிறதா? ஒதுக்கீட்டு இடங்களுக்குப் போதிய ஆட்கள் கிடைக்காவிட்டால் அவற்றைப் பொது இடமாக மாற்ற வழிவிடும் வரைவு நெறிமுறை ஒன்றை மானியக் குழு வெளியிட்டிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், ஒதுக்கீட்டு இடம் எதுவும் மாற்றப்படாது என்று கல்வி அமைச்சகம் விளக்கம் சொன்னது. நாங்களும் கோபமாக எழுதினோம். ஆனால் ‘போதிய ஆட்கள் கிடைக்காவிட்டால்’ என்ற சொற்களைத் தட்டச்சு செய்யும்போது எங்கள் விரல் நின்றது. அந்தச் சொற்களுக்கு ஆதாரமாக அவர்கள் காட்டக்கூடிய வெற்றிடங்களில் ஒன்று நாங்கள் விட்டுவைத்தது.

‘நமக்குத் தகுதி போதாது’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். மதிப்பெண்ணிலிருந்து வரவில்லை. எங்களில் ஒருவர் நெட் தேர்வில் பொதுப் பிரிவின் கட்-ஆஃபையே தாண்டியவர். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது. உதவித்தொகைப் படிவம் கொடுக்க, “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்களே, அன்று தொடங்கியது. கல்லூரியில் “கோட்டாவா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது வளர்ந்தது. இருபது வருடம் வெளியிலிருந்து கேட்ட குரல், ஒருநாள் நம் குரலிலேயே பேசத் தொடங்கிவிடுகிறது. அதைத் தன்னடக்கம் என்று நாமே பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

படிப்பு கூடினால் இது தீர்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். கொலம்பியாவில் முதுகலை முடித்து, முனைவர் ஆய்வேடும் எழுதிவிட்டு, 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார் பாபாசாகேப். தங்க ஓர் அறை கிடைக்காமல், பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். அங்கிருந்தும் விரட்டப்பட்டார். அடுத்த ஆண்டு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதை உடன் பணியாற்றிய பேராசிரியர்களே எதிர்த்தார்கள். அன்று அந்த நாட்டில் அவரைவிடப் படித்தவர் எத்தனை பேர்?

நம் காலத்துக்கும் சான்று உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்து 2007இல் வெளியான ஆய்வில், தனியார் நிறுவனங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு நிகரான தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளிடம் பேசியபோது, தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்னவர்கள், நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பதையும் இயல்பாக ஒத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, “பிறகு எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்?” என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆய்வு எப்படிச் சாத்தியமானது? விண்ணப்பம் போனதால்தான் பாகுபாட்டை எண்ணிக் காட்ட முடிந்தது. போகாத விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்க வேண்டியதில்லை. நாம் ஒதுங்கிக்கொள்ளும்போது அவர்களுக்குச் சாதி பார்க்கும் வேலைகூட மிச்சம். நாம் விண்ணப்பித்தால், நிராகரிப்பும் ஓர் ஆவணம். தேதி உண்டு, பதிவு எண் உண்டு, யாரை அழைத்தார்கள், எந்த அளவுகோலில் கழித்தார்கள் என்று கேட்க இடமுண்டு.

இல்லாத தகுதியை இருக்கிறது என்று எழுதச் சொல்லவில்லை. கட்டாயத் தகுதி இல்லையென்றால் அது வேறு. அதை அடையத்தான் உழைக்க வேண்டும். நாங்கள் சொல்வது, இருக்கிற தகுதியை இல்லை என்று நாமே எழுதிக்கொள்வதைப் பற்றி. எனவே விளம்பரத்தைப் படிக்கும்போது ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே கட்டாயத் தகுதி. கீழே விரும்பத்தக்கவை. மேலே உள்ளது உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். கீழே உள்ளவை அழைப்புக்கான தரவரிசையில் உதவும். ஆனால் அவை இல்லாததால் கதவு மூடாது. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு அந்தப் புள்ளிகள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. இறுதித் தேர்வு நேர்காணலில்தான். முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதியும் 2021 ஜூலையிலிருந்து 2023 ஜூலைக்குத் தள்ளிப்போய், கடைசியில் 2023இல் நீக்கப்பட்டது. எங்கள் தோழி எந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தாரோ, அது அந்த 2022இல் கட்டாயமே இல்லை. விதியை யாரும் எங்களிடமிருந்து மறைக்கவில்லை. பயத்தில் நாங்கள்தான் படிக்கவில்லை.

சாதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வையுங்கள். மத்திய அரசுப் படிவம் தனியாகக் கேட்பார்கள். கட்டண விலக்கு உண்டா, நேர்காணலுக்கு வந்துபோகும் செலவு தருவார்களா என்று விளம்பரத்தின் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே பணியில் இருக்கும் நம் அண்ணன்மார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பரிந்துரைப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களாகச் சொல்லுங்கள்.

அதே இடம் மறுபடி விளம்பரத்துக்கு வந்தது. இந்த முறை மூவரும் விண்ணப்பித்தோம். ஒரே இடத்துக்கு மூவரா என்று தயங்கவில்லை. தோழிக்கு அழைப்பு வந்தது. வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் ரயில் ஏறினார். நேர்காணலில் பாடத்தைப் பற்றி மூன்று கேள்வி. அப்புறம், “அப்பா என்ன செய்கிறார்?” தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை என்று சொன்னார். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்ததாம். முடிவு வந்தபோது அதில் ஒரு பெயரும் இல்லை. ‘தகுதியானவர் எவரும் கண்டறியப்படவில்லை.’

அன்றிரவு அழுதோம். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2022இல் எங்களிடம் வெறும் கையைப் பிசைய மட்டுமே முடிந்தது. இப்போது கையில் தாள்கள் இருக்கின்றன. நேர்காணல் மதிப்பெண்களையும் தேர்வுக்குழுவின் குறிப்புகளையும் கேட்டு மனு போயிருக்கிறது. அரசமைப்பின் 338ஆம் பிரிவின்படி அமைந்த தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்குப் புகார் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வருமா, எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பம் வரவில்லை என்று இந்த முறை அவர்களால் எழுத முடியாது.

தோழியின் அம்மாவிடம் முடிவைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் பேசினோம். கேட்டுவிட்டு, “சரி, இல்லன்னு அவன் எழுத்துல குடுத்துருக்கான்ல? அத பத்திரமா வை” என்றார். அப்புறம், “அடுத்தது எப்ப போடுறீங்க?” என்று கேட்டார்.

அடுத்த மாதம் கடைசித் தேதி. மூவரும் விண்ணப்பிக்கிறோம். நீங்களும் விண்ணப்பியுங்கள்.

ஜெய் பீம்.