துருப்பிடித்த முகவரி

வர்ஜீனியா மாநிலத்தின் ஆரஞ்ச் கவுண்டியில் இருக்கிறது மான்ட்பீலியர். அமெரிக்க அரசியல் சாசனத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜேம்ஸ் மாடிசனின் மாளிகையும் தோட்டமும். சுற்றுலா வந்தவர்கள் முன்வாசல் தூண்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் தேடிப் போனது காட்டோரத்தை. அங்கே ஹெட்போன் மாட்டிய சிலர் மெட்டல் டிடெக்டரின் தட்டைத் தரையோடு ஒட்டி, இடமும் வலமுமாக வீசியபடி அடிமேல் அடிவைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு டிடெக்டர்காரர் பக்கத்திலும் ஒரு தொல்லியலாளர்.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக நிற்பது அபூர்வம். பழைய வீட்டு மனைகளில் நாணயமும் பொத்தானும் தேடுகிறவர்களைத் தொல்லியலாளர்களுக்குப் பொதுவாகவே ஆகாது. அதில் நியாயமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-64 குளிர்காலத்தில் தென்மாநிலக் கூட்டமைப்புப் படை இந்தத் தோட்டத்தில் முகாமிட்டிருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் வாங்க ஆள் இருக்கிறது. மான்ட்பீலியர்க்காரர்கள் விரட்டிப் பார்க்கவில்லை, கூப்பிட்டுப் பார்த்தார்கள். காசு கட்டி வந்து, கற்றுக்கொண்டு, எங்களோடு சேர்ந்து தேடுங்கள். கிடைப்பது எதுவும் உங்களுக்கில்லை. இந்த நிபந்தனைக்கும் ஆள் வந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என்னைக் கூடவே வைத்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். மிஷினைப் பற்றிக் கேட்டால் போதும், நிறுத்த மாட்டார். தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும்; உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு ஒரு புலத்தை உண்டாக்கும்; அதை இன்னொரு சுருள் பிடிக்கும். வந்த பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து இரும்பா, செம்பா, வெள்ளியா என்று மிஷின் ஊகிக்கும். “ஊகம்தான்,” என்றார். “அஞ்சு சென்ட் காசுக்கும் சோடா டின் வளையத்துக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. வளையமாத் தோண்டித் தோண்டியே என் முட்டி தேஞ்சது.”

இரும்புக்குத் தடித்த, கரகரத்த சத்தம். வெள்ளிக்குக் கீச்சென்ற சத்தம். பொழுதுபோக்காகத் தேடுகிறவர் முதலில் செய்வது இரும்புச் சத்தத்தை அடைத்துவிடுவது. இல்லாவிட்டால் பழைய வீட்டு மனையில் ஆணிகள் காதைத் துளைத்துவிடும். இங்கே கொடுக்கும் முதல் உத்தரவே அந்த அடைப்பை எடுத்துவிடு என்பதுதான். இங்கே தேடுவதே ஆணியை.

மாடிசன் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் இந்த நிலத்தில் முன்னூறு பேர் வரை அடிமைகளாக வைத்திருந்தது. உரிமைகள் சாசனத்தை எழுதிய மனிதர் 1836-இல் இறந்தபோது எழுதிவைத்த உயிலிலும் அவர்களுக்கு விடுதலை இல்லை. எஜமானரின் செங்கல் மாளிகை நிலைத்து நிற்கிறது. வயலில் உழைத்தவர்களின் மரக்கட்டைக் குடிசைகளுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. கட்டை மக்கிப்போனால் மிஞ்சுவது ஆணிதான். புதையல் தேடுகிறவனுக்குக் குப்பை. இந்த நிலத்தில் ஓர் ஏழையின் வீட்டு முகவரி.

டிரைவரின் காதில் தடித்த சத்தம் கேட்டது. அரையடிக்கும் குறைவான ஆழத்தில் ஒரு செம்மண் கட்டி வந்தது. அதை அவர் பிரிக்கவில்லை, தொல்லியலாளரிடம் நீட்டினார். அந்தப் பெண் கட்டைவிரலால் மண்ணை மெல்லத் தேய்த்துத் தள்ள, துரு பொருமிய ஓர் ஆணி. நான்கு பக்கமும் நுனியை நோக்கிச் சரிந்திருந்தது. தலையில் சுத்தியல் அடி விழுந்த முகங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கொல்லன் உலையில் காய்ச்சி அடித்தது. 1790-களுக்குப் பிறகு பரவிய மிஷின் வெட்டு ஆணி என்றால் இரண்டு பக்கம் மட்டுமே சரியும். உருண்டையான கம்பி ஆணி பெருகியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். ஆணியைப் பார்த்தே வீட்டின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1794-இல் தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் ஆணிப் பட்டறை ஒன்று தொடங்கியது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே சம்மட்டி பிடித்தவர்கள் பத்து முதல் பதினாறு வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள்.

இந்த ஆணியைக் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போட்டால் அதற்கு மதிப்பே இல்லை. அதனால்தான் பைக்குள் போவதற்குமுன் சதுரத்தின் எண்ணை எழுதுகிறார்கள். எல்லாச் சத்தத்தையும் தோண்டுவதும் இல்லை. பலவற்றைக் கொடி நட்டு எண்ணிக்கையாக மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். ஆணி குவிந்த சதுரத்தில் பலகை அடித்த கட்டடம் இருந்திருக்கலாம். கட்டைக் குடிசைக்கோ ஆணி குறைவு. அதனால் தனியாக வரும் சத்தத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. இந்த இடத்தில் மிஷினைவிட ஆளின் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பல வருடம் சோடா வளையம் தோண்டிய காதுக்குத்தான் அந்த நுணுக்கம் பிடிபடுகிறது. பட்டம் வாங்கியவர்கள் அதை ஒப்புக்கொண்டு பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

உடைந்த பீங்கானுக்கும் தின்று போட்ட எலும்புக்கும் டிடெக்டர் வாய் திறக்காது. அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எதில் சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் கரண்டியால் சுரண்டி, மண்ணைச் சலித்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் பெயர் கொடுத்துவிட்டாராம் டிரைவர். முட்டியைப் பற்றிக் கேட்டேன். உட்கார்ந்து சலிக்கிற வேலை இருக்கிறதா என்று விசாரித்து வைத்திருக்கிறார்.