மெதுவாய்ப் போகும் கப்பல்

எங்கள் காங்கேயத்தில் காளை உண்டு, அரிசி ஆலை உண்டு, தேங்காய் எண்ணெய் ஆலை உண்டு. கடல் மட்டும் கிடையாது. தூத்துக்குடித் துறைமுகம் போக சுமார் 300 கிலோமீட்டர். ஆனாலும் இங்கே தையல் வேலைக்குப் போகும் பெண்கள் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் கப்பலுக்கும் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

தெரிந்த அண்ணன் ஒருவர் பவர் டேபிள் போட்டிருக்கிறார். திருப்பூரிலிருந்து கட்டிங் வரும், தைத்துக் கொடுக்க வேண்டும். "சரக்கு கப்பலைத் தவற விட்டுச்சுன்னா ஏரோப்ளேன்தானுங்க. லாபம் பூரா ஆகாசத்துல போயிரும்" என்பார். அந்தப் பயத்தில்தான் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால், எழுந்திருக்க ராத்திரி எட்டரை.

கப்பல் வடிவமைப்பு படித்த சொந்தக்காரப் பையன் ஒருவன் இதற்கு இன்னொரு பக்கம் சொன்னான். "மாமா, தண்ணி லேசுல வழி விடாது. வேகத்தை ரெண்டு மடங்காக்கினா எஞ்சினுக்கு எட்டு மடங்கு சக்தி வேணும்."

அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சினின் உழைப்பு கால்வாசிக்கும் மேல் குறையும். பயண நாள் கூடினாலும், மொத்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது கப்பல் கம்பெனிகள் இதைத்தான் செய்தன. 24, 25 நாட் வேகத்தில் ஓடிய கன்டெய்னர் கப்பல்கள் 20-க்கும் கீழே இறங்கின. (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) கப்பலின் முன்னால் தண்ணீருக்குள் புடைத்திருக்கும் மூக்கு, அலையை அலையால் அடக்குகிற ஏற்பாடு. அதுவும் பழைய வேகத்துக்கென்று செய்தது. சில கப்பல்களுக்கு மூக்கையே அறுத்துவிட்டு வேறு மூக்கு வைத்தார்கள்!

2023-இல் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரத்தில் இரண்டு இறக்கைப் பாய்களோடு சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது. காங்கேயத்துக்காரனுக்குக் காற்றின் அருமை தெரியாதா? இங்கே சுற்றிலும் காற்றாலைகள்தானே. 2050 வாக்கில் கப்பல் புகையின் கணக்கைப் பூஜ்யமாக்குவது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கும் வைத்திருக்கிறது. உலகப் புகையில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு கப்பலுடையது. குறைந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் கப்பல் நான்கு நாள் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தால் அந்த நான்கு நாள் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் கடை அலமாரிக்குச் சட்டை வர வேண்டிய தேதி நகராது. ஆர்டர் தரும் தேதியும் முன்னால் வராது. நடுவில் இருக்கிற தையல் நாள்தான் குறையும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனபோது பத்து நாளுக்கு மேல் கூடியது. அப்போதும் இதே கதைதான்.

நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரித்துத்தான் ஓட்ட முடிந்தது. ஆறு பிழைக்க அது அவசியம். ஆனால் அந்தச் செலவுக்காக 'பீஸுக்கு இந்தா கொஞ்சம் கூட' என்று வாங்குபவர்கள் மனமுவந்து நீட்டியதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கப்பல் மெதுவாகவே போகட்டும். புகை குறையட்டும். வாங்குகிறவர்கள் ஆர்டரைப் பத்து நாள் முன்னால் முடிவு செய்தால் போதும். அதற்குப் புது எஞ்சின் வேண்டாம், புது மூக்கு வேண்டாம், பாயும் வேண்டாம். எண்ணெய் மிச்சமானதைச் சட்டையின் லேபிளில் பெருமையாய்ப் போட்டுக்கொள்ளட்டும். அந்த லேபிளைத் தைக்கிற பெண் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாளா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது.