கரிசல் மண்ணின் இரு வத்தல்கள்

மதுரையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் விருதுநகர். வானம் பார்த்த பூமி. மேற்கே சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் உலர உதவும் அதே வெயில்தான், சுற்றுப்புறக் கிராமங்களில் மிளகாய்ப் பழத்தை வத்தலாக்குகிறது. பங்குனி மாதத்தில் இவ்வழியே சென்ற நாம், ஊருக்கு ஊர் சிவந்து கிடந்த களங்களைக் கண்டோம்.

விருதுநகர் மண்டியொன்றில் இருவகை வத்தலைக் கையிலெடுத்து ஒப்பிட்டோம். ஒன்று சம்பா, நீண்டு மெலிந்து நுனி கூர்த்தது. மற்றது இராமநாதபுரம் முண்டு. உருண்டு தோல் தடித்தது, குலுக்கினால் விதை கலகலக்கும். 2023ஆம் ஆண்டில் முண்டு புவிசார் குறியீடு பெற்றது. சம்பாவைக் காரத்திற்காகப் பொடியாக்குவர். முண்டு வத்தலை முழுதாகத் தாளிப்பில் இட்டு மணம் பெறுவர்.

இவற்றுள் எது உயர்ந்தது? மேனாட்டில் பீர் வடிப்போர் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிரைச் சேர்க்கின்றனர். கசப்புக்கு ஒரு வகை, நறுமணத்திற்கு வேறொரு வகை எனத் தேர்ந்தே வாங்குகின்றனர். வத்தலுக்கும் அவ்விவேகமே வேண்டும். பயனை அறிந்தே தரத்தைச் சொல்ல இயலும்.

அன்பர்களே, காரம் வேறு, நிறம் வேறு. காரம் தரும் காப்சைசின், விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் தசையில் சுரக்கிறது. சிவப்பு தோலில் உள்ளது. ஆகவே மிகச் சிவந்தது மிகக் காரமானது என்று கொள்ளலாகாது. இம்மயக்கமே வஞ்சகர்க்கு வாய்ப்பு. சூடான்-1 என்னும் சாயம் கலந்த மிளகாய்த்தூளால், 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன.

வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் மானாவாரி விவசாயி, களத்தில் வத்தல் காயும் நாளில் அதே மழைக்கு அஞ்சுகிறான். நனைந்த வத்தல் நிறம் மங்கிப் பூஞ்சை பிடிக்கும், விலை சரியும். வாங்குவோர் பொடியில் கண்ணைப் பறிக்கும் சிவப்பையே தேடினால், பாடுபட்டு உலர்த்தியவன் தோற்பான், சாயம் கலந்தவன் வெல்வான்.

ஆதலின் குடும்பத் தலைவியர் இயன்றவரை முழு வத்தலாகவே வாங்குக. ஒன்றை உடைத்து உட்புறம் பூஞ்சையின்றி இருக்கிறதா என்று காண்க; முகர்ந்து பார்க்க; வீட்டில் மீண்டும் காயவைத்து அரைத்துக்கொள்க. அதனால் அடுக்களைக்கும் நலம். களத்தில் உழைத்தவனுக்கும் நீதி.