காய்ச்சலின் பொருள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே கழிந்த எங்கள் சிறுவயதில், இரவு பத்து மணிக்கு மேல் கதவு தட்டப்பட்டால் இரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வோம். யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரலின் குழாய்களில் ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நள்ளிரவை ஒட்டியே தோலருகே வருகின்றன. எனவே சோதனையும் இரவில்தான். விரல் நுனியில் ஒரு குத்து. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு.

அத்தையின் இரத்தத்தில் புழு இருந்தது. கால்களில் அப்போது வீக்கமேதும் இல்லை. பன்னிரண்டு நாள்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாளிரவே கடுங்காய்ச்சல். "நல்லா இருந்த உடம்புல நோயைக் கொண்டாந்து உட்டுட்டாங்க" என்றார் அத்தை. எஞ்சிய மாத்திரைகளை அவர் சொற்படி சாக்கடையில் கொட்டியவர்கள் பிள்ளைகளாகிய நாங்களே.

அம்மாத்திரையின் பெயர் டைஎதில்கார்பமசைன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1922இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமையேற்றிருந்த காலத்தில் உருவான மருந்து, 1947இல் வெளிவந்தது. வியப்பு என்னவெனில், உடலில் எட்டும் அளவில் இதைச் சோதனைக் குழாயில் புழுக்களின்மீது ஊற்றினால் அவை பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. உடலுக்குள்ளோ, சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து மறையத் தொடங்குகின்றன. மருந்தின் மூலக்கூறு அராக்கிடோனிக் அமிலத்தின் வேதிப்பாதையில் குறுக்கிடுகிறது. இரத்தத் தட்டுகளும் வெள்ளணுக்களும் புழுவைப் பற்றிக்கொள்கின்றன. நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் ஒரு நொதி இல்லாத எலிகளிடம் இம்மருந்து பயனற்றுப் போனதை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதாவது, கொல்வது மருந்து மட்டுமன்று. மருந்தால் ஏவப்பட்ட நம் உடலுமே.

மடியும் புழுக்களின் சிதைவுகளும், அவற்றினுள் வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாக்களும் இரத்தத்தில் கலக்கும்போது உடல் கொதிக்கிறது. அத்தைக்கு வந்த காய்ச்சல் நோயின் வருகையன்று, புழுக்களின் சாவு. புழு இல்லாதவருக்கு அக்காய்ச்சல் பெரும்பாலும் வருவதேயில்லை.

சில ஆண்டுகளில் அத்தையின் இடக்கால் வீங்கியது. எஞ்சிய மாத்திரைகள் அக்காலைக் காத்திருக்குமா என்று எவராலும் உறுதிகூற இயலாது. நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும் முதிர்புழுக்களுள் சிலவற்றை மட்டுமே அம்மருந்து கொல்லும். ஆயினும் அந்தச் சாக்கடையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் நடை சற்றே தளரும்.

சொற்களுக்குப் பொருள் கூறுவதையே தொழிலாகக் கொண்டுவிட்டோம். அன்றிரவு அத்தையின் தலைமாட்டில் அமர்ந்து, காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குப் பொருள் கூற எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.