வெயில் ஏறுமுன் வரும் சத்தம்

காருக்குள் எங்கோ ‘டிக் டிக்’ என்று கேட்குது என்று யாராவது போன் எடுத்தால், மன்னார் நகரில் கராஜ் வைத்திருக்கும் நானா எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. “காலைலயா, மத்தியானத்திலயா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. காலையில் என்றால் விடிய ஆறு மணிக்கு வண்டியோடு வரச் சொல்வார். பத்து மணிக்கு வந்தால் சத்தம் போயிருக்கும். இல்லாத சத்தத்தைத் தேட அவர் ஆளில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மன்னார் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போட்டில் கை வைக்க முடியாது. இப்படியான பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு இருந்தால், வெப்பம் 40 பாகை கூடும்போது 3, 4 மில்லிமீட்டர் வரை நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமோ அரை மில்லிமீட்டர்தான் நீளும். பிளாஸ்டிக் விரிந்து சட்டத்தோடு இறுகினால் ஆட்டம் நின்றுவிடும். இரவில் குளிர்ந்து சுருங்கினால் இடைவெளி திரும்பி வரும். சில வண்டிகளில் நேர்மாறு. சூட்டில் இறுகிய இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிடும். கேள்வியின் பாதி விடை நேரத்திலேயே இருக்கிறது.

விடியற்காலைக்கு இன்னொரு காரணம் காற்று. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்பது சும்மா இல்லை. சோளகம் தொடங்கிவிட்டால் பகலில் கதவு பீடிங் எல்லாம் விசில் அடிக்கும். அதற்குள் ஒரு கிளிப்பின் சத்தத்தை எங்கே பிடிப்பது?

நான் போயிருந்த அன்று வந்தது ஒரு ஆசிரியையின் வேகன் ஆர். 660 சிசி, 3.4 மீட்டர் நீளம்: ஜப்பானியச் சட்டம் சிறு காருக்கு வகுத்த அளவு. ஜப்பானின் வழவழப்பான வீதிக்குச் செய்த இந்த லேசான பெட்டி இலங்கையின் கிரவல் ரோடுகளில் பத்து வருடம் ஓடினால் உள்ளே ஏதாவது பேசத்தான் செய்யும். அதுவும் இது ஹைபிரிட். வண்டி நின்றதும் என்ஜின் தானாக அணைந்துவிடும். பழைய கார்களில் என்ஜின் இரைச்சல் மறைத்துவைத்த சத்தமெல்லாம் இதில் தனியாகக் கேட்கிறது. விற்றுவிட்டுப் புதியது எடுக்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. விலையோ ஆசிரியைச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில். இருப்பதை வைத்து ஓட்டுகிறவர்களால்தான் நானாவின் தொழில் நடக்கிறது.

வண்டியைத் தொடுவதற்கு முன் அதைக் காலிசெய்தார்கள். தண்ணீர்ப் போத்தல், குடை, கூலிங் கிளாஸ் கூடு, கதவுப் பையில் கிடந்த சில்லறை, பின்னால் ஜக், அதன் கைப்பிடி. எல்லாம் ஒரு சாக்கின்மேல் வந்து உட்கார்ந்தன. யாரும் உட்காராத இருக்கைகளின் பெல்ட்டுகளையும் மாட்டிவிட்டார்கள். பெல்ட்டின் உலோக நாக்கு தூணில் தட்டுவது பழைய ஏமாற்று. வருகிற வண்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே சுகமாகித் திரும்பிவிடுமாம்.

இது திரும்பவில்லை. நானா ஓட்ட, உதவியாளர் பையன் முன் இருக்கையில், நான் பின்னால். தலைமன்னார் வீதியில் சத்தம் வராது, அது கார்பட் ரோட். தாழ்வுபாட்டுப் பக்கம் திரும்பி ஒரு கிரவல் ரோட்டில் இறக்கினார். நடுவில் படுத்திருந்த கழுதைகள் எழும்ப மனமில்லாமல் எழுந்தன. லொறிகள் ஓடி ஓடி அலை விழுந்த ரோட். அலைக்கு அலை 60 சென்றிமீட்டர் என்று வைத்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினான்கு தட்டு விழும். அந்த வேகத்தில் சத்தம் வந்தது. 20இல் இல்லை, 40இல் மங்கியது.

“எங்க கேட்குது சேர்?” என்று என்னைக் கேட்டார். இடதுபக்க முன்தூணைக் காட்டினேன். பையனும் அதையே சொன்னான். நானா சிரித்தார். “எல்லாருக்கும் அங்கதான் கேட்கும்.”

காதின் கணக்கு அப்படி. சத்தம் இடமா வலமா என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை சொல்லிவிடும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதில்தான் தடுமாறும். டாஷ்போட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் பெரிய கண்ணாடி வேறு, கீழே பிறந்த சத்தத்தை மேலே திருப்பி அனுப்பும். அதனால் இந்தத் தொழிலில் காதை நம்பிப் பனலைக் கழற்றுகிறவர் கெட்டார். கழற்றும்போது இரண்டு கிளிப்பாவது உடையும், பத்து வருட வெயில் தின்ற பிளாஸ்டிக் அல்லவா. உடைந்ததை அப்படியே மாட்டினால் பழைய சத்தத்தோடு புதிது ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

காதை விட்டுக் கைக்குப் போனார்கள். அதே ரோட், அதே வேகம். பையன் உள்ளங்கையால் ஓரிடத்தை அழுத்துவான், நானா தலையசைப்பார், கை அடுத்த இடத்துக்கு நகரும். முன்தூண்: நிற்கவில்லை. ஏசி வாய்: இல்லை. மேல்விளிம்பு: இல்லை. முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியின் மூடியை அழுத்தியதும் சத்தம் மாறியது, ஆனால் நிற்கவில்லை. “அதுக்குப் பின்னால,” என்றார் நானா, பிரேக்கை மிதித்தபடி.

பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே நெருக்கி, மூடியைக் கீழே இறக்கி, பையன் டோர்ச் அடித்தான். யாரோ பின்னாளில் அன்ட்ரொயிட் பிளேயரும் ரிவர்ஸ் கெமராவும் பூட்டியிருக்கிறார்கள். மிச்ச வயரைக் கட்டாமல் விட்டதில், கட்டைவிரல் அளவான ஒரு கனெக்டர் ஏசிக் குழாயின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயில் அது தட்டித் தட்டி வெண்மையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. நான் நெடுநேரம் பார்த்தது அந்தப் புள்ளியைத்தான்.

கனெக்டருக்குத் துணி டேப் இரண்டு சுற்று, வயரைப் பிரதான கட்டோடு சேர்த்து ஒரு டை. ஐந்து நிமிட வேலை. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சொருகுவது ஊர் வழக்கம். பிளாஸ்டிக்கில் உரசினால் றப்பரே கீச்சிடும் என்பதால் இவர் அதைத் தொடுவதில்லை. ரெஜிபோம் அதைவிட மோசம். கதவு பீடிங்குக்கு கிறீஸ் பூசினால் றப்பர் ஊதிப்போகும்; அதற்கு சிலிகன் மட்டும். உப்புக்காற்று ஊரென்பதால் இருக்கைத் தண்டவாளத்தை மட்டும் வருகிற எல்லா வண்டியிலும் கேட்காமலே பார்த்துவிடுகிறார். மணலும் துருவும் அங்கேதான் முதலில் கூடுகின்றன.

அவர் தொழில் கற்றது புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து போன குடும்பம். புத்தளத்தில் அவர் கைபழகியது மொரிஸ் மைனரில். டாஷ்போட்டே தகரம், சத்தம் வந்தால் ஒரு ஆணியை முறுக்கினால் சரி. “இதில முறுக்க என்ன இருக்கு? எல்லாம் கிளிப்,” என்கிறார். உடைந்ததற்கு மாற்றுக் கிளிப் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறது.

பில்லை எட்டிப் பார்த்தேன். டேப், டை என்று இரண்டு வரி. டேப்பின் விலை கடை விலையைவிடப் பலமடங்கு. தேடின கூலி என்று எழுதினால் சண்டை வரும் என்றார். ஒன்றரை மணிநேரம் மூன்று பேர் அலைந்ததற்குக் காசு கேட்டால் கொடுக்காதவர்கள், டேப்புக்குக் கேட்டால் கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்குள் ஒரு டொல்பின் வான் வந்து நின்றது. “பின்கதவு அடிக்குது நானா.”

“ஸ்பெயார் வீலையும் ஜக்கையும் இங்க இறக்கிவச்சிட்டு பேசாலை வரைக்கும் ஓடிட்டு வாங்க. அதுக்கும் அடிச்சா நாளைக்கு ஆறு மணிக்கு.”