ஹாரன் வேண்டாம்... குதிரை வருது!

மே மாத சீசனில் கொடைக்கானல் ஏரிச் சாலை திருவிழாக் கடைவீதி மாதிரிதான். ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர். டூரிஸ்ட் வேன், வாடகை சைக்கிள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். இவற்றுக்கு நடுவே, முதுகில் ஒரு குழந்தையைச் சுமந்தபடி குதிரை!

திடீரெனப் பின்னால் ஹாரன். காது விறைக்கிறது, தலை மேலே எழுகிறது. அடுத்து பாய்ச்சல்தான். மழையில் நனைந்த தார் ரோட்டில் இரும்பு லாடம் வழுக்கினால், குழந்தையின் கதி?

குதிரைக்கு இரண்டு கண்களும் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் ஓடித் தப்பிப்பதுதான் அதன் இயல்பு. அது திமிர் அல்ல, பயம்.

இந்தப் பயத்தை அடித்துப் போக்க முடியாது. அடி விழுந்தால், வண்டி வந்தாலே வலிக்கும் என்றுதான் குதிரை கற்றுக்கொள்ளும். முதலில் நிற்கும் வண்டியைச் சுற்றி நடக்கவைத்து, மோந்து பார்க்க விட வேண்டும். பழகியபின் இன்ஜினை ஓடவிட்டு அதே நடை. பிறகு, தெரிந்தவர் ஒருவர் தள்ளியே மெதுவாக வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். சாலைக்கு வரும்போது, போக்குவரத்துக்குப் பழகிய மூத்த குதிரையை வண்டிகள் போகும் பக்கம் நிறுத்தி, புதுசை உள்பக்கம் நடத்துவார்கள். பெரியது பதறாவிட்டால் சின்னதும் அடங்கும். கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பவரின் பதற்றமும் குதிரைக்குத் தெரிந்துவிடும்! சிலது சில நாட்களில் பழகும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். முழுதாகப் பழகும்வரை குழந்தைகளை ஏற்றக் கூடாது.

சரி, ஸ்டீயரிங் பிடிப்பவர்கள்? பிரிட்டனின் சாலை விதிகள், குதிரையைக் கடக்கும்போது 16 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விடச் சொல்கின்றன. நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. வண்டியைப் பார்த்து விலங்கு மிரளும் என்று அதை நடத்திவருபவர் நினைத்து நிறுத்தச் சொன்னால், டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 132-வது பிரிவு.

அடுத்த முறை ஏரிச் சாலை வளைவில் குதிரைக்காரர் கையைத் தூக்கினால், அது உங்களுக்குச் சொல்லும் 'ஹாய்' அல்ல!